ஐந்து தந்தி பேஸ் கிட்டார்: தந்தி இடைவெளியை அளந்து, ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

சென்னையில் மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலய இசைக்குழுக்களிலும் நான்கு தந்தி பேஸ் கிட்டார் வாசித்துப் பழகியவர்கள் சில ஆண்டுகளில் ஐந்து தந்திக்கு மாற விரும்புவதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. மேடையேறிய பிறகு பாடகர் சுருதியை அரைக்கட்டையோ ஒரு கட்டையோ இறக்கச் சொன்னால், இ-யில் இருந்த பாட்டு இ ஃபிளாட்டுக்கோ டி-க்கோ வந்துவிடும்; நான்கு தந்தி பேஸின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் இ என்பதால், ஆதார ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிக்க நேரிடும். கீழே ஒரு பி தந்தி இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கூடுதல் தந்தியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு உற்பத்தியாளர்கள் ஆளுக்கொரு விடை வைத்திருக்கிறார்கள். சிலர் நான்கு தந்தி பேஸின் இடைவெளியை அப்படியே வைத்துக்கொண்டு நெக்கை, அதாவது இடது கை பிடிக்கும் கழுத்துப் பகுதியை, அகலமாக்குகிறார்கள். சிலர் நெக்கைக் கைக்கு அடக்கமாக வைத்துத் தந்திகளை நெருக்குகிறார்கள். கடையில் நிறத்தையும் பிக்கப்பையும் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தப் பகுதி) விலையையும் விசாரிப்பவர்கள் இந்த இடைவெளியைப் பற்றிக் கேட்பது அரிது. கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் வாசித்த பிறகு வலது கை தடுமாறும்போதுதான் அது கவனத்துக்கு வருகிறது.

இந்த வழிகாட்டி முதல்முறை ஐந்து தந்தி வாங்குபவர்களுக்கானது. கையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. பாரிமுனைப் பகுதியின் கருவிக் கடைகளில் பிளாஸ்டிக்கில் செய்ததும் கிடைக்கும். பிரிட்ஜிலும் (உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பகுதி) சேடிலிலும் (அதில் தந்தி உட்காரும் சிறு துண்டு) கீறல் விழாது என்பதால் அதுவே இந்த வேலைக்குப் பொருத்தம். இல்லாவிட்டால் அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள எஃகு அளவுகோல் போதும்.

முதல் படி: எந்த எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விவரக் குறிப்பில் தந்தி இடைவெளி என்று ஓர் எண் இருந்தால், அது பிரிட்ஜில், அதாவது தந்தி சேடிலின் மேல் உட்காரும் இடத்தில், ஒரு தந்தியின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த தந்தியின் நடுக்கோடு வரை உள்ள தூரம். நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) அகலம் என்பது வேறு. அது நெக்கின் தலைப்பகுதியில் மரத்தின் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளப்பது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். விற்பனையாளர்களிலும் அத்தகையவர்கள் உண்டு.

சந்தையில் பெரும்பாலும் காணப்படும் பிரிட்ஜ் இடைவெளிகள் நான்கு: 19, 18, 17.5, 16.5 மில்லிமீட்டர். நான்கு தந்தி ஃபெண்டர் வாசித்தவர்களின் விரல்கள் ஏறக்குறைய 19 மில்லிமீட்டருக்குப் பழகியிருக்கும். ஐந்து தந்தியில் அதே அளவைத் தருபவை சடோவ்ஸ்கி கருவிகள், ஐபனெஸின் பிடிபி வரிசை போன்றவை. யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 305 மாடலில் 18 மில்லிமீட்டர். 1987-இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 கருவியில் 17.5. ஐபனெஸின் எஸ்ஆர் 305 போன்ற ஐந்து தந்தி எஸ்ஆர் மாடல்களிலும், வார்விக்கின் வழக்கமான ஐந்து தந்திகளிலும் 16.5, வார்விக் அகன்ற நெக் கொண்ட வடிவங்களையும் செய்கிறது. ஒரே பெயரில் வரும் மாடலும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், பெயரைக் கேட்டவுடன் அளவை ஊகித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த வேறுபாடு பழைய கதைதான். ஃபெண்டர் 1965-இல் வெளியிட்ட ஐந்து தந்தி பேஸில் கூடுதல் தந்தி கீழே இல்லாமல் மேலே, உயர்ந்த சி ஸ்வரத்துக்காக இருந்தது. 1975-இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சனுக்காகக் கருவி செய்பவரான கார்ல் தாம்சன் செய்த ஆறு தந்திக் கருவியில் தந்திகள் நெருக்கமாக இருந்தது ஜாக்சனுக்கு நிறைவளிக்கவில்லை; பிறகு அவர் வாசித்த கருவிகளில் இடைவெளி அகன்றது. தந்தியைக் கூட்டிய நாளிலிருந்தே இடைவெளி ஒரு வாதப் பொருளாக இருந்திருக்கிறது.

இரண்டாம் படி: நீங்களே அளந்து பாருங்கள்

ஒவ்வொரு தந்தியின் நடுவையும் கண்ணால் குறிவைத்து அளப்பது கடினம். எளிய முறை ஒன்று உண்டு. தடித்ததிலிருந்து மெல்லியது வரை தந்திகளின் வரிசை பி, இ, ஏ, டி, ஜி. பிரிட்ஜில், பி தந்தியின் வெளி விளிம்பிலிருந்து ஜி தந்தியின் வெளி விளிம்பு வரை மொத்தத் தூரத்தை அளந்துகொள்ளுங்கள். அதிலிருந்து இந்த இரு தந்திகளின் தடிமனில் பாதிப் பாதியைக் கழியுங்கள். வழக்கமான தொகுப்பில் பி தந்தி 0.130 அங்குலம், அதாவது 3.3 மில்லிமீட்டர், ஜி தந்தி 0.045 அங்குலம், அதாவது 1.14 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 2.2. மொத்தத் தூரம் 74.2 மில்லிமீட்டர் என்றால், 2.2 கழிந்து 72 மிஞ்சும். அதை நான்கால் வகுத்தால் 18. நான்கால்தான் வகுக்க வேண்டும். தந்தி ஐந்து என்பதால் ஐந்தால் வகுத்துவிட்டு, கருவி மிகவும் குறுகியது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

மொத்தத்தை அளந்த பிறகு, நான்கு இடைவெளிகளும் சமமாக இருக்கின்றனவா என்று தனித்தனியே ஒரு முறை பாருங்கள். வளைந்த தகட்டில் செய்த எளிய பிரிட்ஜ்களில் சேடில் அமர்வதற்குப் பள்ளம் இருக்காது. அழுத்தி வாசித்தால் சேடில் பக்கவாட்டில் நகர்ந்து, ஓரிடத்தில் நெருக்கமும் அடுத்த இடத்தில் அகலமும் உண்டாகும். பழைய கருவி வாங்கும்போது, அதிலும் பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதி வீட்டிலிருந்து வரும் கருவி என்றால், சேடிலின் உயரத் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே கவனிக்கலாம்.

கடையில் காலிப்பரை எடுப்பதற்கு முன் ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 1842 முதல் இயங்கிவரும் அண்ணா சாலையின் மியூசி மியூசிக்கல் ஆனாலும், தெருமுனையில் உள்ள சிறு கடை ஆனாலும், விற்பனைக்கு வைத்திருக்கும் கருவியின் மேல் உலோகக் கருவியை யாரோ வைத்தால் எவருக்கும் பதைக்கத்தான் செய்யும்.

மூன்றாம் படி: உங்கள் விரல் படும் இடத்துக்குக் கணக்கிடுங்கள்

பிரிட்ஜில் யாரும் வாசிப்பதில்லை. தந்திகள் நட்டிலிருந்து பிரிட்ஜை நோக்கி விரிந்துகொண்டே போகின்றன. ஆகவே அச்சிட்ட எண் உங்கள் விரலுக்குக் கிடைக்கும் எண் ஆகாது. ஆனால் அந்த விரிவு நேர்கோட்டில் நடப்பதால், நட்டிலும் பிரிட்ஜிலும் உள்ள இடைவெளி தெரிந்தால், நடுவில் எந்த இடத்துக்கும் பள்ளிக்கூடக் கணக்குப் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்வோம்; இரண்டிலும் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர்; இரண்டிலும் நட்டின் அகலம் 45 மில்லிமீட்டர். நட்டின் இரு ஓரங்களிலும் மூன்றரை மில்லிமீட்டர் விட்டால் தந்திகளுக்கு 38 மில்லிமீட்டர் மிஞ்சுகிறது. நான்கால் வகுத்தால் 9.5. பிரிட்ஜில் மட்டும் ஒன்றில் 19, மற்றதில் 16.5. காகிதத்தில் இவற்றுக்கு இடையே இரண்டரை மில்லிமீட்டர் வேறுபாடு.

12-ஆம் ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சரியாக நடுவில் இருப்பதால், அங்கே இடைவெளி நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் சராசரி: அகன்ற கருவியில் 14.25, குறுகியதில் 13. மூன்றாம் ஃபிரெட்டில் 11.0 எதிராக 10.6. ஏழாம் ஃபிரெட்டில் 12.7 எதிராக 11.8. 24-ஆம் ஃபிரெட் முக்கால் தூரத்தில் இருக்கிறது, அங்கே 16.6 எதிராக 14.75. வலது கை விரல்கள் வழக்கமாகத் தந்தியை இழுக்கும் இடம், பிரிட்ஜிலிருந்து 10 சென்டிமீட்டர் என்று வைத்தால், 17.9 எதிராக 15.7.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிரிட்ஜ் இடைவெளியால் ஏற்படும் வேறுபாட்டின் பெரும்பகுதியை வலது கைதான் உணர்கிறது. இடது கை அதிகமாகப் புழங்கும் முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் இரு கருவிகளுக்கும் தந்திக்குத் தந்தி அரை மில்லிமீட்டர் அளவே வேறுபாடு. எனவே "எனக்குச் சிறிய கை, ஆகவே 16.5 தான் சரி" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான எண்ணைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள் என்பது என் கருத்து. சிறிய கைக்கு நட்டின் அகலத்தையும் நெக்கின் பின்புறத் தடிமனையும் பார்க்க வேண்டும். பிரிட்ஜ் இடைவெளியை வலது கையின் வாசிப்பு முறையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே தனி வாசிப்பவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: அங்கே தந்திக்கு 1.25 மில்லிமீட்டர் வீதம் நான்கு இடைவெளிகளிலும் சேர்ந்து, ஃபிரெட்போர்டு ஐந்து மில்லிமீட்டர் அகலமாகிவிடுகிறது. கட்டைவிரல் நெக்கின் பின்னால் எட்டும் கோணம் மாறும்.

நான்காம் படி: தந்தியின் தடிமனைக் கழித்துப் பாருங்கள்

நடுக்கோட்டுக்கு நடுக்கோடு என்ற கணக்கில் எல்லா இடைவெளிகளும் சமம் என்றாலும், விரலுக்குக் கிடைப்பது இரு தந்திகளின் விளிம்புகளுக்கு நடுவே உள்ள காலியிடம் மட்டுமே. பிரிட்ஜில் 16.5 உள்ள கருவியில், 0.065 அங்குல டி தந்திக்கும் ஜி தந்திக்கும் நடுவே 15.1 மில்லிமீட்டர் காலியாக இருக்கும். தடித்த பி தந்திக்கும் 0.105 அங்குல இ தந்திக்கும் நடுவே 13.5 தான். நட்டில் இது இன்னும் உறைக்கும்: 9.5 மில்லிமீட்டரில் மெல்லிய தந்திகளுக்கு 8.1 கிடைக்கிறது, தடித்தவற்றுக்கு 6.5 தான். இதைச் சரிக்கட்டுவதற்காகச் சில நட்டுகளை, காலியிடங்கள் சமமாக வருமாறு வெட்டுகிறார்கள். பி தந்தியின் பக்கம் நடுக்கோடுகள் சற்றே விலகியிருக்கும். புதியவருக்கு எந்த முறையானாலும் பழகிவிடும். ஆனால் ஒரு கருவியில் தடித்த தந்திகள் மட்டும் நெருக்கமாகத் தோன்றினால் பிழை கருவியில் இருக்க வேண்டியதில்லை என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ஒப்பிடும் இரண்டு கருவிகளிலும் ஒரே தடிமன் தொகுப்பு பூட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வலது கையைச் சோதியுங்கள்

இதற்குத்தான் கடையில் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தது போதாது. தோள்பட்டை வாரைக் கேட்டு வாங்கி, மேடையில் நிற்கும் உயரத்தில் கருவியைத் தொங்கவிட்டு வாசியுங்கள். ஆம்ப்ளிஃபையரில் ஒலியை மிதமாக வைத்துக்கொண்டால், தவறிப் படும் தந்திகளின் ஓசையும் காதில் விழும்.

முதலில் இரண்டு விரல்களால் பி தந்தியிலிருந்து ஜி தந்தி வரை ஒவ்வொரு தந்தியிலும் இரண்டு அடிகள் வீதம் ஏறி இறங்குங்கள். மெதுவாகத் தொடங்கி, நீங்கள் உண்மையில் வாசிக்கும் வேகத்துக்கு வாருங்கள். பேஸ் வாசிப்பில் விரல் ஒரு தந்தியை இழுத்த பிறகு, அதற்கு மேற்புறமுள்ள தடித்த தந்தியின் மேல் வந்து இளைப்பாறும். அந்தப் பயணத் தூரமே இடைவெளி. 19 மில்லிமீட்டருக்குப் பழகிய விரல் 16.5 கருவியில் தேவைக்கு மேல் பயணம் செய்து, இழுக்கக்கூடாத தந்தியையும் தொட்டுவிடும். குறுகியதற்குப் பழகிய விரல் அகன்ற கருவியில் தந்தியை எட்டாமல் காற்றில் நிற்கும். முதல் ஐந்து நிமிடத் தடுமாற்றத்தை வைத்து எதையும் ஒதுக்கிவிட வேண்டாம். கருவியைக் கீழே வைத்துவிட்டு, வேறொன்றை வாசித்துவிட்டு, மீண்டும் எடுத்துப் பாருங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் விரல் இடறினால்தான் அது கணக்கில் வரும்.

அடுத்தது கட்டைவிரல். நான்கு தந்தியில் கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றி வாசித்தவர்கள், ஐந்து தந்தியில் மெல்லிய தந்திகளை வாசிக்கும்போது அதை பி தந்தியின் மேல் இறக்கி வைக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் பி தந்தி தானாக அதிர்ந்து பாட்டுக்கு அடியில் முழங்கிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலை பி மேல் வைத்துக்கொண்டு சுட்டுவிரலால் ஜி தந்தியை எட்டிப் பாருங்கள். அகன்ற கருவியில் இந்த நீட்டல் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் கூடுதல். ஒரு பாட்டுக்கு அது பொருட்டே இல்லை. திருமண வரவேற்பில் மூன்று மணி நேரம் நின்று வாசிப்பவருக்கு மணிக்கட்டில் தெரியும்.

ஸ்லாப் முறையில், அதாவது கட்டைவிரலால் தந்தியை அடித்தும் சுட்டுவிரலால் சுண்டியும், வாசிப்பவர்களுக்கு வேறு சோதனை. கட்டைவிரல் அடிப்பது ஃபிரெட்போர்டு முடியும் இடத்தை ஒட்டி. அங்கே, மேலே சொன்ன கணக்குப்படி, டி தந்திக்கும் ஜி தந்திக்கும் நடுவே காலியிடம் குறுகிய கருவியில் 13.4, அகன்றதில் 15.2 மில்லிமீட்டர். சுட்டுவிரலின் நுனி அகலத்தைக் காலிப்பரால் அளந்துபாருங்கள். முழு விரலும் அந்த இடத்தில் நுழைய வேண்டியதில்லை, தந்தியைக் கொக்கிபோல் பிடிக்க நுனி போதும். என்றாலும் உங்கள் விரல் அந்தக் காலியிடத்தைவிட மிக அகலம் என்றால், ஜி தந்தியைச் சுண்டும்போது டி தந்தியும் சேர்ந்து ஒலிக்கும் வாய்ப்பு அதிகம். ஸ்லாப்பை முதன்மையாக வாசிப்பவர்கள் 18-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது என்றே நான் சொல்வேன். ஸ்டிங்ரே 5 வைத்துக்கொண்டு 17.5-இல் அருமையாக ஸ்லாப் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அவர்கள் புதியவர்கள் இல்லை.

பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) கொண்டு வாசிப்பவர்களுக்கும் மூன்று விரல்களால் விரைவாக வாசிப்பவர்களுக்கும் குறுகிய இடைவெளி பெரும்பாலும் வசதியாகவே அமைகிறது.

ஆறாம் படி: இடது கையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

இடது கைக்கு நட்டு முக்கியம் என்று சொன்னேன். அதைச் சோதிக்க, இரண்டாம் ஃபிரெட்டில் பி தந்தியைப் பிடித்துக்கொண்டு, மற்ற நான்கையும் விரல்களின் அடிப்பகுதியால் தொட்டு ஊமையாக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், பிரிட்ஜில் எந்த எண் இருந்தாலும் அந்த நெக் உங்களுக்கு அகலம்.

கர்நாடக இசை பயின்றுவிட்டு பேஸுக்கு வருபவர்கள் நம் ஊரில் உண்டு; அவர்கள் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிப்பார்கள். ஜி தந்தியை உள்பக்கம், டி தந்தியை நோக்கி இழுத்தால், நெருக்கமான கருவியில் அது சீக்கிரமே டி தந்தியை முட்டும். ஏழாம் ஃபிரெட்டில் வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், இழுக்கும் தூரமே சில மில்லிமீட்டர் என்பதால் அது உணரப்படும். வழக்கமாக வாசிக்கும் ஒரு ராகத்தின் பிடியை இரண்டு கருவிகளிலும் அதே ஃபிரெட்டில் வாசித்து ஒப்பிடுங்கள்.

ஏழாம் படி: இடைவெளியோடு ஒட்டி வருபவை

அகன்ற இடைவெளி என்றால் அகன்ற நெக், அகன்ற பிரிட்ஜ். பெரும்பாலும் கூடுதல் எடை. பி தந்தி தொய்யாமல் இறுக்கமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகச் சில கருவிகளில் அதிரும் நீளத்தை 35 அங்குலமாக்கியிருப்பார்கள்; அப்போது ஃபிரெட்டுகளின் நீளவாக்குத் தூரமும் கூடுவதால், இடது கைக்கு வரும் சோர்வுக்கு இடைவெளியைக் குறைசொல்லிவிட வாய்ப்புண்டு. ஒப்பிடும் இரு கருவிகளுக்கும் நீளம் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிக்கப்பில் காந்த முனைகள் தனித்தனியாகத் தெரியும் வகை என்றால், ஒவ்வொரு தந்தியும் தன் முனைக்கு மேலே அல்லது இரு முனைகளுக்கு நடுவே ஒழுங்காகப் போகிறதா என்று மேலிருந்து பாருங்கள். ஃபிரெட்போர்டின் கடைசி ஃபிரெட்டில் பி, ஜி தந்திகளுக்கு வெளியே மரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் பாருங்கள். இரு பக்கமும் சமமாக இல்லையென்றால் நெக் சற்றே சாய்ந்து பூட்டப்பட்டிருக்கலாம். போல்ட் போட்ட நெக் என்றால் கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் சரிசெய்துவிடுவார்.

எட்டாம் படி: பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று வாங்காதீர்கள்

பிரிட்ஜை மாற்றினால் இடைவெளி மாறும் என்பது உண்மை. சேடிலைப் பக்கவாட்டில் நகர்த்தும் வசதியுள்ள, ஷாலர் நிறுவனத்தின் பிரிட்ஜ்களும் உண்டு. ஆனால் 16.5-க்காகச் செதுக்கிய நெக்கில் 19 மில்லிமீட்டர் பிரிட்ஜைப் பூட்டினால், பி தந்திக்கும் ஜி தந்திக்கும் இடையேயுள்ள விரிவு 66-லிருந்து 76 மில்லிமீட்டர் ஆகும். மேல் ஃபிரெட்டுகளில் வெளித் தந்திகள் மரத்தின் விளிம்புக்கே போய், அழுத்தும்போது வழுக்கி வெளியே விழும். அகன்ற நெக்கில் குறுகிய பிரிட்ஜைப் பூட்டுவதில் அந்த ஆபத்து இல்லை. இருபுறமும் வெற்று மரம் மிஞ்சும், பிக்கப் முனைகள் விலகிப்போகலாம். ஒரு மில்லிமீட்டர் அளவில் திருத்திக்கொள்ளலாமே தவிர, கருவியின் குணத்தையே மாற்ற நினைப்பது பண விரயம்.

ஒன்பதாம் படி: முடிவெடுக்கும் வரிசை

நான்கு தந்தியையும் ஐந்து தந்தியையும் ஒரே கச்சேரியில் மாற்றி மாற்றி வாசிக்கப் போகிறவர் 19-ஐயோ 18-ஐயோ முதலில் பார்க்கட்டும். கை இரு வேறு அளவுகளை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து தந்தியே இனி என் கருவி என்பவருக்கு 17.5-உம் 18-உம் நடுநிலையான தொடக்கம். விரல் வாசிப்பும் வேகமும் முதன்மை என்றால் 16.5-ஐத் தயங்காமல் எடுக்கலாம். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இந்த அளவு இருப்பதால் அது மட்டமானது என்ற எண்ணம் பரவியிருக்கிறது, வார்விக்கின் விலையைப் பார்த்தால் அது கலைந்துவிடும்.

பழைய கருவியை நேரில் பார்க்காமல் பேசி முடிக்கும் நிலை வந்தால், விற்பவரிடம் இரண்டு படங்கள் கேளுங்கள்: ஒன்று பிரிட்ஜின் சேடில்கள் மேல் அளவுகோலை வைத்து எடுத்தது, மற்றது நட்டின் மேல் வைத்து எடுத்தது. அளவுகோலின் பூஜ்யக் கோடு பி தந்தியின் வெளி விளிம்பில் பொருந்தியிருக்க வேண்டும். கேமரா நேர் மேலே இருக்க வேண்டும். சாய்ந்த கோணத்தில் எடுத்த படத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எளிதாக ஏமாற்றிவிடும் என்பதால், அப்படி வந்தால் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.